மூன்று வரிசை ஊசித்துளைகள்

ஜனவரி 9

மருமகளுக்கு,

நீ எனக்குச் செய்தது தவறு. அதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். என் பேரன் உடம்பில் ஒரு குறை என்று எவனோ ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறான். கத்தி வைக்க நாளும் குறித்தாயிற்று. இவ்வளவும் நடந்து மூன்று வாரம் கழித்து, என் மகன் வேறு எதையோ பேசும்போது வாய் தவறிச் சொன்னதில்தான் எனக்குத் தெரிகிறது. பிறந்த அன்றே நர்ஸ் சொன்னாளாம். பத்து மாதமாக நான் போனில் "வாண்டு எப்படி இருக்கான்?" என்று கேட்கிறேன். நீ "நல்லா இருக்கான் மாமா, பல்லு வருது" என்கிறாய். பல்லை மட்டும் சொல்லியிருக்கிறாய்.

நான் எழுந்து நடமாடுகிறேன். வலது முழங்கால் மட்டும் எனக்கு அடங்குவதில்லை. கடையில் பள்ளிச் சீருடை வேலை முடிந்துவிட்டது. உங்கள் ஊரில் குளிர் அதிகம் என்று கேள்வி. குழந்தைக்குத் தலையில் துணி கட்டு.

இதை ஏன் போனில் பேசவில்லை என்று நினைப்பாய். போன் கடை மேசைமேல் இருக்கிறது. காஜா எடுப்பவர், பொத்தான் தைப்பவர், கால்சட்டை வாங்க வந்தவர் எல்லோருக்கும் காது இருக்கிறது. இது நாலு பேர் காதில் விழக்கூடிய விஷயம் இல்லை. நீயும் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதினால் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று யாரும் தப்பிக்க முடியாது.

என்ன நடந்தது, யார் சொன்னார்கள், எதற்கு அவசரம்? ஒன்று விடாமல் எழுது. நான் சொல்லும்வரை யாரும் எந்த மேசையிலும் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் மாமனார்


ஜனவரி 17

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சுகம். குளிர் இருக்கிறது, சமாளிக்கிறோம். முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறாதீர்கள்.

நான் சொல்லாதது தவறுதான். சொன்னால் நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். சொல்லாமலும் கோபப்படுகிறீர்கள். அதனால் இப்போது முழுதாக எழுதுகிறேன்.

வாண்டுவுக்கு இடது பக்கத்து விதை பையில் இல்லை. எழுதக் கை கூசுகிறது. ஆனால் அந்த டாக்டர் இந்த வார்த்தையை நாக்கு, மூக்கு என்பதுபோலச் சொன்னார். நானும் பழகிக்கொண்டேன். வயிற்றுக்குள் இருக்கும் விதை பிறப்பதற்கு முன்பே இறங்கிப் பைக்கு வந்துவிட வேண்டுமாம். சில பிள்ளைகளுக்கு வழியில் நின்றுவிடுமாம். "ஆறு மாசம் பாக்கலாம், நெறைய பேருக்குத் தானா எறங்கிடும்"னு நர்ஸ் சொன்னார். ஆறு மாதமும் ஒவ்வொரு நாளும் பார்த்தேன் மாமா. வெந்நீரில் குளிப்பாட்டும்போது சில பிள்ளைகளுக்கு இறங்கி நிற்குமாம், அப்படியா என்று கவனிக்கச் சொன்னார்கள். தண்ணீர் ஆறும்வரை தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவன் தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பதாவது மாதம் குழந்தைகள் சர்ஜனிடம் காட்டினோம். நீங்கள் எழுதியதுபோல் அவர் "அவன்" இல்லை மாமா, டாக்டரம்மா. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டுப் பார்த்தார். தொடைக்கு மேலே, இடுக்கில் நிற்கிறது என்றார். இனித் தானாக இறங்காது, உடம்புச் சூட்டில் கிடந்தால் விதை கெடும், பின்னாளில் பிள்ளைப்பேறு குறையலாம், அபூர்வமாகக் கட்டிகூட வரலாம், ஒன்றரை வயதுக்குள் இறக்கித் தைத்துவிட வேண்டும் என்றார். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாமாம். "நான் மாசமா இருந்தப்ப ஏதாவது தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?" என்று கேட்டேன். "அம்மாக்கள் எல்லாரும் இதைத்தான் கேப்பீங்க. இல்லம்மா" என்றார்.

பிப்ரவரி 20 என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். சம்மத ஃபார்மில் தகப்பன் கையெழுத்தும் வேண்டுமாம், உங்கள் மகன் போடவில்லை. "அப்பா என்ன சொல்றாரோ அதான்" என்கிறார். அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
மருமகள்


ஜனவரி 28

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து தெளிவு. விஷயம் தெளிவில்லை.

சர்ஜன் அம்மாவாக இருந்தால் என்ன, ஐயாவாக இருந்தால் என்ன? கத்தி கத்திதான். வெட்டுகிறவர்களிடம் போய்க் கேட்டால் வெட்டத்தான் சொல்வார்கள். என்னிடம் கிழிந்த சட்டையோடு வருகிறவனிடம் நான் "சும்மா போட்டுக்கொள்" என்று சொல்வேனா?

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் படித்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வருடமாக மனித இடுப்பை அளந்திருக்கிறேன். எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, எந்தக் கால் அரை அங்குலம் குட்டை என்று வீட்டுக்காரிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். உடம்பு துணி மாதிரி. இழுத்துப் பிடித்து வைத்தால் பிடித்த இடத்தில் நிற்கும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதனோடு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே ஒரு கச்சை இருக்கும். இடுப்பைச் சுற்றி வந்து முன்னால் கொக்கியில் மாட்ட வேண்டும். உள்பக்கம் பஞ்சு வைத்த ஒரு மெத்தை இருக்கிறது. அது சரியாக இடது இடுக்கின்மேல் உட்கார வேண்டும். மேலிருந்து கீழாக அழுத்தம் விழும்படி தைத்திருக்கிறேன். பகலெல்லாம் இருக்கட்டும், குளிக்கும்போது மட்டும் கழற்று. முதல் நான்கு நாள் அழுவான், பிறகு பழகிவிடும். அளவுக்கு நீ கவலைப்படாதே. இந்தக் கணக்கு என் கைக்குப் பழக்கம்.

நீ ரெடிமேட் கம்பெனியில் பிசிறு பார்க்கிற வேலை செய்கிறாய். இதில் ஒரு பிசிறு கண்டுபிடி பார்க்கலாம்.

யாரிடமும் பேசாதே. காப்பகத்து ஆயாவிடமும் சொல்லாதே. ஆண் பிள்ளை விஷயம். நாளைக்கு அவன் தெருவில் நடக்க வேண்டும்.

உன் இருமல் நின்றதா? பதில் எழுது.

உன் மாமனார்


பிப்ரவரி 22

மாமாவுக்கு,

வணக்கம். என் இருமல் நின்றுவிட்டது. வாண்டு சரியில்லை. அதனால்தான் எழுதத் தாமதம்.

பார்சல் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் மகன் அதைக் குழந்தைக்குக் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறக்குமுன், "அப்பா அனுப்பிருக்கார்" என்றார். குழந்தை குப்புற விழுந்து தவழப் பார்க்கிறான், முடியவில்லை. நான் கழற்றினேன். மறுநாள் காலை அவர் கட்டினார். ஒன்பது நாள் இப்படியே போனது. நான் கழற்றுவதும் அவர் கட்டுவதும்தான். இருவரும் சண்டைகூடப் போடவில்லை. பத்தாவது நாள் மெத்தை பட்ட இடத்தில் தோல் உரிந்து நீர் கோத்துவிட்டது.

இருபதாம் தேதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நான் மட்டும்தான். டாக்டரம்மா குழந்தையின் துணியை விலக்கியவர் அப்படியே நின்றார். "என்ன இது?" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் தச்சது?"

"என் மாமனார். தையல்காரர்."

"தையல் பிரமாதமா இருக்கு. இதை எந்தக் குழந்தைக்கும் கட்டக் கூடாதும்மா. மேல நிக்கிற விதையைப் போட்டு நசுக்குது. பக்கத்துல குடல் எறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? புண்ணு மேல நான் கத்தி வைக்க மாட்டேன். ஆறினப்புறம் வாங்க."

நாள் போய்விட்டது. அடுத்தது ஏப்ரல் 24.

நீங்கள் பிசிறு கண்டுபிடிக்கச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடியே பார்த்தேன், அது என் தொழில். வெளித்தையலில் குறை எதுவும் இல்லை. ஆனால் பின்பக்க மடிப்பைப் பிரித்தால் உள்ளே மூன்று வரிசை பழைய ஊசித்துளைகள் இருக்கின்றன, ஒன்றைவிட ஒன்று அரை அங்குலம் தள்ளி. ஒவ்வொரு வரிசைக்கும் துணி வேறு வேறு அளவில் வெளுத்திருக்கிறது. இது புதிதாகத் தைத்தது இல்லை. சின்னதாகத் தைத்து, மூன்று முறை பிரித்துப் பெரிதாக்கி, இப்போது மறுபடியும் சின்னதாக்கியிருக்கிறீர்கள்.

யாருக்குத் தைத்தது மாமா? அந்தக் குழந்தைக்கு இது வேலை செய்ததா?

மருமகள்


மார்ச் 2

மருமகளுக்கு,

குழந்தைக்குப் புண் ஆறியதா? தேங்காயெண்ணெய் தடவிக் காற்றுப் பட விடு. கொக்கியை ஒரு கண் தளர்த்திப் போட்டிருக்கலாம். அளவெடுக்காமல் அனுப்பியது என் குற்றம் இல்லை. உன்னை அளவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?

கச்சைத் துணி பழையதுதான். கடையில் கிடந்தது. இப்போது வரும் துணியில் இழை நிற்பதில்லை.

முழங்கால் வீங்கியிருக்கிறது. மிதிக்கிற மிஷினை விட்டுவிட்டு மோட்டார் வைத்துக்கொள் என்கிறார்கள். காஜா எடுப்பவர் தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், கையாள் இல்லாமல் வேலை தேங்கிக் கிடக்கிறது. வாண்டுவுக்குக் கீழ்ப்பல் எத்தனை? நடக்க ஆரம்பித்தானா? நடக்கும்போது கால் அகட்டி நடக்கிறானா என்று பார்த்து எழுது.

என் மகனுக்குக் கால்சட்டை இரண்டு தைத்து வைத்திருக்கிறேன். அவன் அங்கே வேறு எங்கும் அளவு கொடுக்க வேண்டாம் என்று சொல்.

உன் மாமனார்


மார்ச் 11

மாமாவுக்கு,

வணக்கம். முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். புண் ஆறிவிட்டது. கீழே நான்கு பல், மேலே இரண்டு. சுவரைப் பிடித்து நிற்கிறான். கால் அகட்டவில்லை.

கடையில் கிடந்த துணியில் வியர்வைக் கறை இருக்காது. கொக்கி பட்ட இடத்தில் துரு இறங்கியிருக்காது. நான் ஒரு நாளைக்கு அறுநூறு துணி பார்க்கிறவள்.

கச்சையை மேசைமேல் வைத்து உங்கள் மகனிடம் கேட்டேன். "இது யாரோடது?" என்றேன். காலணியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு வார விடுமுறை.

ஆஸ்பத்திரி ஃபார்மில் ஒரு கேள்வி இருக்கிறது: குடும்பத்தில் வேறு யாருக்காவது இக்குறை உண்டா? என் பக்கத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன். அவர் பக்கத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.

மாமா, எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. அந்த வருடங்களில் நீங்கள் எழுதிய கடிதங்கள் என் பெட்டியில் இருக்கின்றன. நேற்று எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். "இன்னொரு டாக்டரிடம் போய்க் காட்டிக்கொள்" என்று ஆறு கடிதங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆறும் எனக்கு. உங்கள் மகனுக்கு ஒன்றுகூட இல்லை. நான் எத்தனை மேசையில் காலை விரித்துப் படுத்தேன் என்று எழுதக் கூடாது, ஆனால் எழுதுகிறேன். பதினொன்று. ஒவ்வொரு தடவையும் "உங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அவர் வரவில்லை. நான் ராசியில்லாதவள் என்று உங்கள் தங்கை என் முகத்துக்கு நேராகச் சொன்னபோது நீங்கள் துணி வெட்டிக்கொண்டிருந்தீர்கள். கத்தரி நிற்கவில்லை.

டாக்டரம்மாவிடம் பொதுவாகக் கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் பலருக்குப் பிள்ளை பிறக்கும், சிலருக்குத் தாமதமாகும், இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அதனால் பழியை உங்கள் தலையில் கட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வரி போதும்.

மருமகள்


ஏப்ரல் 3

மாமாவுக்கு,

நலம்தானே? மூன்று வாரமாகப் பதில் இல்லை. கடைக்குப் போன் செய்தேன். "பெரியவர் இருக்கார், மிஷின்ல இருக்கார், அப்புறம் பேசச் சொல்றேன்" என்றார் பொத்தான் தைப்பவர். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. நான் வைத்த பிறகுதான் நின்றிருக்கும்.

வாண்டு மூன்று அடி நடந்தான். இருபத்துநான்காம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம். ஃபார்ம் அப்படியே இருக்கிறது.

மருமகள்


ஏப்ரல் 27

மாமாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஆபரேஷன் நடக்கவில்லை. இந்த முறை யார் பேரிலும் குற்றமில்லை. காப்பகத்தில் ஒரு குழந்தைக்குச் சளி இருந்திருக்கிறது. இருபத்துமூன்றாம் தேதி வாண்டுவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. துடைத்துத் துடைத்து மறைக்கப் பார்த்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாலும் கொடுக்காமல் பட்டினியாகக் கொண்டுபோனோம். பச்சைச் சட்டை போட்டு, கையில் பெயர்ப் பட்டி கட்டி, என் மடியில் நான்கு மணி நேரம். பசியில் என் கழுத்தைக் கடித்தான். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "நெஞ்சுல சளி இருக்கே. இப்ப மயக்கம் குடுத்தா மூச்சுக்கு ஆபத்து. கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் மாமா. எதற்குப் பிடித்தேன் என்று தெரியவில்லை. அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஜூன் 12 என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று அவனுக்குப் பதினைந்து மாதம் முடிந்திருக்கும். அதற்குள் மறுபடி சளி பிடித்தால்? எதைத் தடுக்க முடியும் என்னால்?

உங்கள் மகன் இந்த முறை வந்தார். கையெழுத்துப் போட வரவில்லை, துணைக்கு. உள்ளே கொண்டுபோகும்போதாவது போடுவார் என்று நம்பியிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் குழந்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது என்னோடதுதான். ஏழு வயசு வரைக்கும் கட்டியிருந்தார்."

"வலிச்சுதா?"

"பழகிடுச்சு."

"எறங்குச்சா?"

தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

"இப்ப?"

"இப்ப என்ன. நான் நல்லாத்தான இருக்கேன். வேலைக்குப் போறேன், வரேன். இவனும் நல்லாத்தான் இருப்பான். எதுக்கு அறுக்கணும்?"

குழந்தையின் பெயர்ப் பட்டியை அவிழ்த்தபடி, "அப்பாவுக்கு எழுதாத. தாங்க மாட்டார்" என்றார்.

டாக்டரம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். உங்கள் மகனுக்குத் தெரிந்தால் கோபப்படுவார், படட்டும். பெரியவர்களுக்கு மேலேயே நின்றுவிட்ட விதையைச் சும்மா விடக் கூடாதாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டுமாம். ஒரு வருடமாக அவர் குனிந்து எழும்போது இடது இடுக்கைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால் "தசை பிடிச்சிருக்கு" என்பார்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம். இரண்டு பேரையும் டாக்டரிடம் கொண்டுபோக என்னால் முடியவில்லை. சின்னவனைத் தூக்கவாவது முடிகிறது.

நீங்கள் சொன்னால் கையெழுத்துப் போடுவார். நான் சொன்னால் மாட்டார்.

மருமகள்


மே 2

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். அவள் ஏதாவது எழுதியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பயத்தில் எழுதியிருப்பாள். எனக்கு எதுவும் இல்லை. கால்சட்டை இரண்டும் வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்.

மகன்


மே 10

மருமகளுக்கு,

என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. உங்கள் மூவரின் உடம்பைப் பற்றித்தான்.

தெரியும். நீ கேட்ட ஒரு வரி இதுதான். இரண்டாவது கேள்விக்கும் பதில்: வேலை செய்யவில்லை. ஏழு வயது வரை கட்டினேன், மூன்று முறை பிரித்துத் தைத்தேன், வேலை செய்யவில்லை. பிறகு ஏன் வாண்டுவுக்கு அனுப்பினேன் என்று கேட்பாய். அனுப்பாமல் இருந்தால், வேலை செய்யவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

என் மகனுக்கு இரண்டு வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் ஒரு தாளை நீட்டி, "நல்லா வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றான். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் படம் வரைவதுபோல் வரைவேன். தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் பத்துப் பேர். "என்னய்யா, தாளைத் தலைகீழாப் புடிச்சிருக்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், கெட்ட எண்ணம் இல்லை. வாசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் மாமியாரிடம், "டாக்டர் வேண்டாம்னுட்டார், தானா எறங்கிடுமாம்" என்றேன். பிறகு அவள் நான்கு தடவை மறுபடி போகலாம் என்றாள். நான்காம் தடவை கத்தரியை மேசைமேல் ஓங்கி வைத்தேன். அத்தோடு நிறுத்திவிட்டாள்.

அந்த வருடமே எழுத்துக் கூட்டக் கற்றேன். நூல்கண்டு சுற்றி வந்த தாள், பொட்டலத் தாள், சுவரில் ஒட்டிய தாள், எது கிடைத்தாலும். நான் காசு கொடுத்து வாங்கிய முதல் புத்தகத்தில்தான் அந்தக் கச்சைப் படம் இருந்தது. குடல் இறக்கத்துக்கு என்று போட்டிருந்தது. இதற்கும் ஆகும் என்று நானே முடிவு செய்தேன். அந்த ஆஸ்பத்திரித் தாளையும் ஒரு நாள் எடுத்து வாசித்தேன். வாசிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதில் பயப்படும்படி எதுவும் இல்லை. அப்போது அவனுக்கு நாலரை வயது. அப்போதும் போயிருக்கலாம். அதற்குள் கச்சையை ஒரு தடவை பிரித்துத் தைத்தாயிற்று. ஊரில் யாரும் அளவெடுக்கக் கூடாது என்று அவன் கால்சட்டைகளை நானே தைத்தேன். இன்றுவரை தைக்கிறேன்.

உன் பதினொன்றைப் பற்றி: என் தங்கை பேசியது எனக்குக் கேட்டது. கத்தரி நிற்காததும் தெரிந்துதான்.

மன்னிப்புக் கேட்கும் கடிதம் இல்லை இது. எனக்கு அது எழுத வராது. வந்தாலும் ஜூன் பன்னிரண்டாம் தேதிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். யார் யார் என்பதையும் எழுதுகிறேன். இதில் மாற்றம் கிடையாது.

என் மகன் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா சொன்னார் என்பதற்காகப் போடட்டும், பரவாயில்லை. காரணம் பிறகு வரும்.

அந்த வெற்றிடத்தை நீ நிரப்ப வேண்டும். "தகப்பனுக்கு உண்டு, தாத்தாவுக்குத் தெரியும்" என்று முழுதாக எழுது. இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுது.

என் மகன் ஜூன் பிறப்பதற்குள் பெரியவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். தசைப்பிடிப்பு என்று என்னிடம் சொல்ல வேண்டாம், அந்த வார்த்தையைப் பள்ளி விளையாட்டு மாஸ்டரிடம் சொல்லச் சொல்லி அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான். அங்கே என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் தாமதம். அவர்கள் எது சொன்னாலும், எடுக்க வேண்டும் என்றாலும், அவன் அதைச் செய்ய வேண்டும். நீ கூடப் போ. உள்ளே வரை போ.

வாண்டு மே கடைசியிலிருந்து காப்பகத்துக்குப் போகக் கூடாது. சளி அங்கேதான் பிடிக்கிறது. நான் வந்து பார்த்துக்கொள்வேன். கடையை அடைக்கிறேன், எத்தனை நாள் என்று கணக்கில்லை. வாசலில் செருப்போடு என் தும்மலையும் விட்டுவிட்டு வருகிறேன். எனக்குச் சளி என்றால் என்னையும் உள்ளே விடாதே.

டாக்டரம்மாவை நான் பார்க்க வேண்டும். அவர் என்னைத் திட்டினால் நீ நடுவில் புகுந்து "வயசானவர்" என்று சொல்லக் கூடாது.

வாண்டுவிடம் இதையெல்லாம் ஒரு நாள் சொல்ல வேண்டும். அது என் மகன் வேலை. பள்ளிக்கூடம் சேரும் முன் சொல்லட்டும், நாக்கு, மூக்கு என்று சொல்வதுபோல.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தை நீயே அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல். நான் படித்துக் காட்டினால் "சரிப்பா" என்பான். இரண்டு வயதிலிருந்து அதைத்தான் சொல்கிறான், கொக்கி மாட்டும்போதும் அதைத்தான் சொன்னான். நான் வந்து இறங்கும்போது அவன் என்னைக் கேள்வி கேட்க வேண்டும். வாய்விட்டுக் கத்த வேண்டும். தெருவில் வைத்துக் கேட்டாலும் சரி, நாலு பேர் காதில் விழட்டும். அதை அவன்தான் செய்ய வேண்டும். எப்படிச் செய்ய வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மாமனார்